கர்த்தர் நடத்துகிறாரா? கண்மூடி நடக்கிறோமா?



கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நம் மக்களிடையே ஒரு உபதேசம் வெகு காலமாகச் செய்யப்பட்டு வருகின்றது. அதாவது, ஒரு மனிதனுக்கு இன்னது செய்வதென்று விளங்காத காலத்தில், வேலை போய்விட்டபோதோ, கடன்காரன் வாசலில் நிற்கும்போதோ, குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போதோ, பெண்ணுக்குக் கலியாணம் கூடிவராதபோதோ, அவன் தன் சொந்த புத்தியை நம்பிவிடக் கூடாது. கர்த்தரை விசுவாசித்துக் காத்திருக்க வேண்டும். அவர் வழி நடத்துவார் என்பதாகும். இதைப் பாதிரி கோயிலில் சொல்லுகிறார். உபதேசியார் வீட்டுத் திண்ணையில் சொல்லுகிறார். கன்வென்ஷன் பந்தலில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லுகிறார்கள். இப்போது கையிலிருக்கும் டெலிபோனிலும் விடியற்காலையில் வந்து சொல்லுகிறார்கள்.

கடவுள் உண்டா, இல்லையா என்கிற பெரிய வழக்கை இன்று நாம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. உண்டென்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுவோம். நாம் கேட்பது ஒரே ஒரு சின்னக் கேள்விதான். அந்த வழிநடத்துதல் என்பது மனிதனிடம் எந்த வழியாக வந்து சேருகின்றது? வந்தது அதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்ளுவது? சந்தையில் 10 ரூபாய்க்குக் கத்தரிக்காய் வாங்குகிறவன்கூட நிறையையும் சொத்தையையும் பார்த்துத்தான் வாங்குகிறான். வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கிற காரியத்தில் நிறை பாராமல் வாங்கு என்று சொன்னால் அது நியாயமா?

உள்ளத்தில் கேட்கும் சத்தம்

முதலாவதாக, ஜெபம் செய்தால் உள்ளத்தில் ஒரு மெல்லிய சத்தம் கேட்கும், அதுவே கர்த்தருடைய சத்தம் என்கிறார்கள். நல்லது. ஆதியாகமம் 22ம் அதிகாரத்தில் ஆபிரகாமுக்கும் ஒரு சத்தம் கேட்டது. பெற்ற மகனைக் கொண்டுபோய்ப் பலியிடு என்றது அந்தச் சத்தம். அவனும் கத்தியை எடுத்துவிட்டான். கடைசி நேரத்தில் இன்னொரு சத்தம் வந்து பிள்ளை பிழைத்தது. ஆனால் நியாயாதிபதிகள் 11ம் அதிகாரத்தில் யெப்தா என்பவனின் மகளுக்கு அந்த இரண்டாவது சத்தம் வரவில்லை. யெப்தாவின் மேல் கர்த்தருடைய ஆவி இறங்கிற்று என்று அந்த அதிகாரமே சொல்லுகிறது. ஆவி இறங்கியவன் செய்த பொருத்தனையால் செத்தது ஒன்றும் அறியாத ஒரு பெண்.

இன்று திருநெல்வேலியிலோ நாகர்கோவிலிலோ ஒரு தகப்பன், என் மகனைப் பலியிடும்படி கர்த்தர் சொன்னார் என்று கத்தியோடு கிளம்பினால், அவ்வூர்ப் பாதிரியார் என்ன செய்வார்? ஆபிரகாமைப் போல் விசுவாச வீரன் என்று மாலை போடுவாரா? முதலில் கத்தியைப் பிடுங்குவார். பிறகு போலீசுக்குச் சொல்லுவார். பிறகு மூளை வைத்தியரைத் தேடுவார். அப்படிச் செய்வதுதான் யோக்கியமான காரியம். ஆனால் அதற்கு அர்த்தம் என்ன? உள்ளத்தில் கேட்ட சத்தம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல அவர் தம் பகுத்தறிவைத்தான் நீதிபதியாக உட்காரவைக்கிறார் என்பதல்லவா? சத்தத்துக்கு மேலே நீதிபதியாக உட்காரும் யோக்கியதை அறிவுக்கு உண்டு என்றால், சத்தமே இல்லாமல் அந்த நீதிபதியிடமே நேராக வழக்கைக் கொண்டுபோவதில் என்ன தடை?

சீட்டும் கிளியும்

இரண்டாவதாக, வேதவசனத்தின் மூலமாக வழி காட்டுவார் என்கிறார்கள். வருஷப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் வைத்து, ஆளுக்கொன்றாக எடுக்கச் சொல்லுவதைப் பார்த்திருப்பீர்கள். எடுத்த அட்டையில் என்ன வசனம் இருக்கின்றதோ, அதுவே அவ்வருஷத்துக்கு ஆண்டவர் அவருக்குச் சொன்ன வார்த்தையாம். அதே மனிதர் கோயிலை விட்டு வெளியே வந்தவுடன், மரத்தடியில் கிளி ஜோசியக்காரன் கூண்டைத் திறந்து சீட்டு எடுக்க வைப்பதைக் கண்டு, ஐயோ! அஞ்ஞானிகள் என்று பரிதாபப்படுகிறார். இரண்டுக்கும் நமக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான். அங்கே கிளி எடுக்கிறது. இங்கே இவர் எடுக்கிறார். கிளிக்காவது ஒரு நெல் கூலி உண்டு.

அந்தத் தட்டில் உள்ள அட்டைகள் யாரால் பொறுக்கி வைக்கப்பட்டவை என்பதையும் யோசியுங்கள். உபாகமம் 28ம் அதிகாரத்தைப் பிரித்துப் பாருங்கள். ஆசீர்வாதங்கள் 14ம் வசனத்தோடு முடிந்துவிடுகின்றன. 15 முதல் 68 வரை சாபங்கள். நியாயமாக அந்த அதிகாரத்தைக் கத்தரித்துத் தட்டில் போட்டால், ஐந்து பேரில் நாலு பேர் சாபத்தை அல்லவா எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்? அப்படி எந்தச் சபையாவது செய்கிறதா? செய்யாது. அட்டை அச்சடிக்கிறவர் முன்னாடியே நல்லதை மட்டும் பொறுக்கிவிட்டார். ஆகவே வருகிற வருஷம் உங்களுக்கு நன்றாயிருக்கும் என்று சொன்னவர் ஆண்டவரல்ல, அச்சாபீசுக்குக் காகிதம் அனுப்பியவர்!

தரங்கம்பாடி கண்ட சாட்சி

இது ஏதோ பாமர ஜனங்களின் வழக்கம், படித்த கிறிஸ்தவர்கள் இப்படிச் செய்யமாட்டார்கள் என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அவர்களுக்காக ஒரு சரித்திரத்தைச் சொல்லுகிறோம். ஜெர்மனியில் சாக்ஸனி நாட்டில் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரில் 18ம் நூற்றாண்டில் ஜின்சண்டார்ப் பிரபுவின் ஆதரவில் மொரேவியன் சகோதரர் சபை தழைத்தது. ஒழுக்கத்திலும் உழைப்பிலும் பெயர் பெற்ற சபை அது. அன்றன்றைக்கு ஒரு வசனம் என்று சீட்டுப் போட்டு எடுத்து, 1731ம் வருஷத்திலிருந்து புஸ்தகமாக அச்சடித்து வருகிறார்கள். இன்றும் அது வருகின்றது. அதோடு அவர்கள் நிற்கவில்லை. யாருக்கு யாரைக் கலியாணம் செய்வது, யாரை எந்தத் தேசத்துக்கு ஊழியத்துக்கு அனுப்புவது என்பவைகளையும் சீட்டுப் போட்டே தீர்மானித்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 1ம் அதிகாரத்தில் மத்தியா என்பவர் சீட்டினால் தெரிந்தெடுக்கப்பட்டதை ஆதாரமாகக் காட்டினார்கள்.

அந்தச் சபையார் 1760ல் நம்முடைய தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார்கள். நிக்கோபார் தீவுகளுக்குப் போய் மதம் பரப்புவதே அவர்கள் நோக்கம். 1768ல் நான்கவுரி தீவில் குடியேறினார்கள். கர்த்தர் அனுப்பினார் என்று நம்பித்தான் போனார்கள். அவர்களுடைய நம்பிக்கையிலாவது தைரியத்திலாவது நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் நடந்தது என்ன? காட்டுக் காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். தீவிலே புதைக்கப்பட்டவர்களும், நோயோடு தரங்கம்பாடிக்குத் திரும்பி வந்து மாண்டவர்களும் சேர்ந்து இருபதுக்கு மேல் என்று அங்கிருந்து உயிரோடு தப்பிய ஹேன்சல் என்னும் சகோதரரே பிற்காலத்தில் எழுதி வைத்தார். 1787ல் தீவை விட்டே வந்துவிட்டார்கள்.

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். அந்தச் சகோதரர்கள் ஜெபத்தில் குறைந்தவர்களா? விசுவாசத்தில் குறைந்தவர்களா? இல்லவே இல்லை. காய்ச்சல் எதனால் வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான் குறை. 19 வருஷங்களில் எத்தனை ஆயிரம் ஜெபம் செய்திருப்பார்கள்! அத்தனை ஜெபத்துக்கும் பதிலாக, கொசுவலை கட்டிப் படு என்ற ஒரே ஒரு வார்த்தை அந்த உள்ளத்துச் சத்தத்தில் வந்திருக்கக் கூடாதா? வரவில்லை. இரத்தத்தில் மலேரியாக் கிருமியை 1880ல் கண்டவர் லவரான் என்னும் பிரெஞ்சு வைத்தியர். கொசுவின் வயிற்றில் அக்கிருமியை 1897ல் செகந்திராபாத்தில் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டவர் ரொனால்டு ராஸ். காத்திருந்தவர்களுக்குக் கிடைக்காத வழி, தேடினவர்களுக்குக் கிடைத்தது.

பிற்பாடு மொரேவியன் சபையே தன் சீட்டு முறையைக் கைவிட்டது. 1818ல் பொது ஜனங்களின் கலியாணத்துக்குச் சீட்டு வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். 1889ல் நிர்வாகத்திலும் அடியோடு எடுத்துவிட்டார்கள். கர்த்தருடைய வழிநடத்துதல் என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லப்பட்டதை ஒரு கமிட்டி கூடி ரத்து செய்ய முடியுமானால், அது முதலிலேயே யாருடைய வழிநடத்துதல் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

லிஸ்பன் நகரத்தின் கதி

இன்னொரு உதாரணம். 1755ம் வருஷம் நவம்பர் 1ம் தேதி சனிக்கிழமை. போர்ச்சுகல் தேசத்துத் தலைநகரான லிஸ்பன். அன்று சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாள். காலைப் பூசைக்காகக் கோயில்கள் நிரம்பி வழிந்தன. அந்நேரத்தில் பூமி அதிர்ந்தது. கல்லால் கட்டிய கோயில்கள் பூசைக்கு வந்திருந்தவர்கள் தலைமேலேயே விழுந்தன. பீடங்களில் ஏற்றியிருந்த மெழுகுவர்த்திகள் சரிந்து நெருப்புப் பிடித்தது. கட்டடம் விழாத ஆற்றங்கரைக்கு ஓடினவர்களைக் கடல் பொங்கி வந்து வாரிக்கொண்டது. பல பதினாயிரம் மக்கள் மாண்டார்கள்.

அச்சமயம் அந்நகரில் இரண்டு விதமான வழிகாட்டிகள் இருந்தார்கள். ஒருவர் மலக்ரிடா என்னும் ஜெசூட் பாதிரியார். பூகம்பம் இயற்கைக் காரணத்தால் வந்ததல்ல, பாவத்துக்குத் தண்டனை, வீடு கட்டி ஓடியாடுவதைவிட ஞான ஒடுக்கத்தில் இருந்து அழுவதே இப்போது அவசியம் என்று 1756ல் ஒரு பிரசுரமே போட்டார். மற்றொருவர் பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்ற மந்திரி. அவர் பிணங்களை உடனே அப்புறப்படுத்தினார், கொள்ளை நோய் வராதபடிக்கு. தானிய விலையைக் கட்டுப்படுத்தினார். எவ்வளவு நேரம் அதிர்ந்தது, கடல் முதலில் உள்வாங்கியதா பொங்கியதா, எத்தனை பேர் மாண்டார்கள், எங்கே நெருப்புப் பிடித்தது என்று பங்குதோறும் கேள்விகளை அனுப்பிப் பதில் வாங்கினார். அதிர்ச்சிக்கு வளைந்து கொடுக்கும்படி மரச்சட்டம் வைத்துப் புது வீடுகள் எழும்பின. அந்தப் பதில்கள்தான் பூகம்பத்தை ஆராயும் சாஸ்திரத்துக்கு இன்றும் ஆதாரமாய் உதவுகின்றன.

இந்த மந்திரி புண்ணியவான் என்று நாம் சொல்ல வரவில்லை. 1761ல் அவருடைய அதிகாரத்தின் கீழ், மத விசாரணைச் சபையின் தீர்ப்புப்படியே, அந்தக் கிழப் பாதிரியார் கழுத்து நெரிக்கப்பட்டுக் கொளுத்தப்பட்டார். அது வெட்கக்கேடான கொலை. ஒருவர் மூடநம்பிக்கையைப் பிரசாரம் செய்தால் அதை வாதத்தால் அடிக்கவேண்டுமே ஒழிய, ஆளைக் கொல்லுவது அறிவின் வேலை ஆகாது. நமக்கு வேண்டியது இவ்வளவே: அந்த நிச்சயமற்ற நாட்களில் உயிரோடிருந்தவர்களுக்குச் சோறும் கூரையும் கொடுத்த வழி எது? அழுது காத்திருந்த வழியா? எண்ணி, அளந்து, கட்டிய வழியா?

ஜெபத்தைத் தராசில் வைத்தார்கள்

அதெல்லாம் பழங்கதை என்பார்கள். சரி, நம் காலத்துக்கே வருவோம். அமெரிக்காவில் 6 ஆஸ்பத்திரிகளில் இருதய ஆபரேஷன் செய்துகொண்ட 1802 நோயாளிகளை மூன்று பிரிவாக்கிப் பரீட்சை செய்து 2006ல் முடிவை வெளியிட்டார்கள். இதைச் செய்தவர்கள் நாத்திகர்கள் அல்லர். மதத்திடம் அனுதாபமுள்ள டெம்பிள்டன் பவுண்டேஷன் பெரும் பணம் கொடுத்து நடந்த பரீட்சை அது. கிறிஸ்தவ ஜெபக் கூட்டத்தார் நோயாளிகளின் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். முதல் பிரிவாருக்கு ஜெபம் நடந்தது, ஆனால் அது அவர்களுக்குத் திட்டமாய்த் தெரியாது. அவர்களில் 100க்கு 52 பேருக்கு ஆபரேஷனுக்குப் பின் ஏதாவது ஒரு கோளாறு உண்டாயிற்று. இரண்டாம் பிரிவாருக்கு ஜெபம் நடக்கவில்லை, அதுவும் அவர்களுக்குத் தெரியாது. கோளாறு 100க்கு 51. மூன்றாம் பிரிவாருக்கு, உங்களுக்காக நிச்சயம் ஜெபம் நடக்கிறது என்று சொல்லி ஜெபித்தார்கள். கோளாறு 100க்கு 59!

ஜெபம் ஆளைக் கெடுக்கும் என்று இதைக்கொண்டு நாம் சொல்லிவிட மாட்டோம். ஜெபம் நடத்தும் அளவுக்கு நம் நிலைமை மோசமோ என்று நோயாளி பயந்திருக்கலாம் என்று அவர்களே ஊகித்தார்கள். ஆனால் ஜெபத்தால் நோயாளிக்கு ஒரு இம்மியும் லாபம் இல்லை என்பது தெளிவாயிற்று. இதற்குப் பாதிரிமார் சொல்லும் பதில் என்ன தெரியுமா? தேவனைப் பரீட்சை பார்க்கக் கூடாதாம்! தராசில் நிறை குறைந்தவுடன் தராசையே தொடாதே என்கிற வியாபாரியிடம் நீங்கள் சரக்கு வாங்குவீர்களா?

வென்றாலும் அவர், தோற்றால் நீ

இந்த உபதேசத்தில் உள்ள பெரிய சூது எதுவென்றால், அது எந்த நாளும் தோற்காதபடி கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான். குழந்தை பிழைத்தால் கர்த்தருடைய கிருபை. செத்தால் கர்த்தருடைய சித்தம். வேலை கிடைத்தால் ஜெபத்துக்குப் பதில். கிடைக்காவிட்டால் பொறுமைக்குச் சோதனை. இத்தனைக்கும் பிறகு ஒருவன் வாயைத் திறந்து கேட்டால், உன் விசுவாசம் போதவில்லை என்று பழி அவன் தலையிலேயே விழுகின்றது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு கூலிக்காரத் தாயிடம் போய், நீ இன்னும் உறுதியாய் நம்பியிருக்கவேண்டும் என்று சொல்லுவதைவிடக் கொடுமை இவ்வுலகில் வேறு உண்டா? செத்த பிள்ளையின் துக்கம் போதாதென்று, கொன்றவளே நீதான் என்ற துக்கத்தையும் அல்லவா அவள் மடியில் கட்டிவிடுகிறார்கள்!

பணம் உள்ளவர்கள் இந்த உபதேசத்தை எப்படி அனுசரிக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பெரிய ஊழியக்காரருக்கு மார்வலி வந்தால் காரில் ஏறி நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார். கோயில் கோபுரத்தின் உச்சியில் சிலுவை இருக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே இடிதாங்கியும் இருக்கிறது. காணிக்கைப் பெட்டிக்குப் பூட்டும் இருக்கிறது. காத்திருக்கச் சொல்லப்படுகிறவன் எப்போதும் ஏழைதான்.

அதிலும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவத் தோழர்களுடைய நிலைமையைப் பாருங்கள். சேரியில் பட்ட இழிவு போகும் என்று நம்பி அந்த மதத்துக்குப் போனார்கள். சபைக்குள் ஜாதி கூடாது, உடனே விடவேண்டும் என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833லேயே உத்தரவு போட்டார். ஆனால் தனி இடுகாடும் தனித் தெருவும் இன்னும் பல ஊர்களில் ஒழிந்தபாடில்லை. 1950ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவினால் தாழ்த்தப்பட்டோருக்குரிய சலுகையும் கிறிஸ்தவர்களுக்கு இல்லை என்றாயிற்று. சீக்கியர்களை 1956லும், பௌத்தர்களை 1990லும் சேர்த்தார்கள். கிறிஸ்தவத் தோழர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். இவர்களைப் பார்த்துப் பொறுத்திருங்கள், கர்த்தர் வழி திறப்பார் என்றால், அதனால் யாருக்கு லாபம்? இடுகாட்டுக் குறுக்குச் சுவரைக் கட்டினவனுக்குத்தானே லாபம்?

ஆட்சேபணையும் சமாதானமும்

நிற்க. நம்பிக்கை மனதுக்கு ஆறுதல் கொடுக்கிறதே, அதையும் பறிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். துக்கப்பட்டவனுக்கு ஆறுதல் வேண்டியதுதான். சபையில் நாலு பேர் வந்து கையைப் பிடித்து உட்காருகிறார்கள், கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார்கள் என்றால் அந்த ஆறுதலைக் கொடுத்தவர்கள் அந்த நாலு பேர். அவர்களுடைய நல்ல மனதுக்கு நாம் வணக்கம் செலுத்துகிறோம். அந்தப் புகழைத் தூக்கி ஆகாயத்துக்குக் கொடுப்பானேன் என்பதே நம் கேள்வி.

வேலூர் ஆஸ்பத்திரியைப் பாருங்கள், அது தேவ நடத்துதல் அல்லவா என்றும் கேட்பார்கள். வேலூர் ஆஸ்பத்திரியை உண்டாக்கிய ஐடா ஸ்கட்டர் அம்மையார் தம் வாழ்க்கையில் நடந்ததாக ஒன்றைச் சொல்லி வந்தார். திண்டிவனத்தில் தம் தகப்பனார் வீட்டில் அவர் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகளுக்காக மூன்று வீட்டார் பெண் வைத்தியர் வேண்டுமென்று வந்தார்கள். ஆண் வைத்தியர் தொடக்கூடாது என்றார்கள். மூன்று பெண்களும் செத்தார்கள். அதைத் தமக்கு வந்த தேவ அழைப்பாக அவர் எடுத்துக்கொண்டார். அம்மையாருடைய தொண்டுக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால், ஒரு பெண்ணுக்கு வழி காட்டுவதற்காக மூன்று பெண்களைச் சாகவிட்ட வழிகாட்டியைப் பற்றி என்ன நினைப்பது? அம்மூவரைக் கொன்றது ஆண் தொடக்கூடாதென்ற மடமை. அதைக் கண்டு கொதித்தது ஒரு மனித இருதயம். அப்புறம் அவர் முழங்காலில் நின்று காத்திருக்கவில்லை. அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்து 1899ல் பட்டம் வாங்கினார். பிரசவத்தில் பிழைத்த பெண்களைப் பிழைக்க வைத்தது அந்தப் படிப்பு.

ஆகவே கிறிஸ்தவத் தோழர்களே, உங்களை மட்டும் நாம் சொல்லுவதாக எண்ணாதீர்கள். எல்லாம் அவன் செயல் என்று நெற்றியில் பூசிக்கொண்டு உட்காருகிறவனும், விதி என்று தலையில் கோடு போட்டுக் காட்டுகிறவனும் இதே பள்ளத்தில்தான் விழுந்து கிடக்கிறார்கள். வழி தெரியாத காலம் எல்லா மனிதருக்கும் வரும். அப்போது தெரிந்தவனைக் கேளுங்கள். காய்ச்சலுக்கு வைத்தியனை, கடனுக்குக் கணக்கை, அநீதிக்குச் சட்டத்தையும் சங்கத்தையும் தேடுங்கள். நாலு பேரோடு கலந்து யோசியுங்கள். செய்தது தவறாய்ப் போனால் ஏன் போயிற்று என்று பார்த்து மறுதரம் திருத்திக்கொள்ளுங்கள். தன் தவறைத் திருத்திக்கொள்ளும் சக்தி அறிவுக்கு உண்டு. தவறே செய்யாதது என்று சொல்லப்படும் வழிகாட்டிக்கு அந்தச் சக்தி எப்படி வரும்?

அடுத்த தடவை யாராவது உங்களிடம் வந்து, கவலைப்படாதே, கர்த்தர் நடத்துவார் என்று சொன்னால், கோபிக்க வேண்டாம். எந்த வழியாய், எந்தத் தேதிக்குள், தவறினால் யார் ஜவாப்தாரி என்று மரியாதையாய்க் கேளுங்கள். பதில் வரும் வரையில் சும்மா இராமல், உங்கள் காலாலேயே ஆஸ்பத்திரிக்கு நடந்து போங்கள்.